துருவல் இயந்திரத்தின் தலை: கழற்றுதலும் பராமரிப்பும்

ஆண்டிதழுக்குக் கட்டுரை கேட்டு ஆசிரியர் குழுவிலிருந்து அழைத்தபோது, "எனக்குக் கவிதையெல்லாம் வராது அக்கா, மெஷின் பற்றி எழுதட்டுமா?" என்று கேட்டேன். "தமிழில் எழுதினால் சரி" என்று பதில் வந்தது. அந்தத் துணிவில் எழுதுகிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று, பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன். இப்பொழுது இயந்திரவியல் பொறியியல் மாணவன். விரிவுரைகள் அனைத்தும் ஆங்கிலத்தில். இயந்திரத்தைப் பற்றித் தமிழில் பேச எனக்கு ஓர் இடம்தான் உண்டு. அது எங்கள் வீட்டின் பின்புறத்தில் அப்பா வைத்திருக்கும் பட்டறை.

அங்கே ஒரு சிறிய துருவல் இயந்திரம் இருக்கிறது. மில்லிங் மெஷின் என்றால்தான் பலருக்கும் புரியும். லேத் எனப்படும் கடைசல் இயந்திரத்தில் இரும்புத் துண்டு சுழலும், வெட்டும் கருவி சுழலாது. துருவல் இயந்திரத்தில் வெட்டும் கருவி சுழலும். மேசைமேல் இறுக்கிய துண்டு அதற்குக் கீழே நகரும். அந்தக் கருவியைப் பிடித்துச் சுழற்றும் பகுதியே தலை. மோட்டார், பெல்ட், கப்பிகள், ஸ்பிண்டல் எனும் சுழல்தண்டு எல்லாம் அதில்தான் உள்ளன. சுழல்தண்டு குவில் என்ற தடித்த குழலுக்குள் இரண்டு பேரிங்குகளின்மேல் ஓடுகிறது. கைப்பிடியை இழுத்தால் குவில் சுழல்தண்டோடு சேர்ந்து கீழே இறங்கும்.

அப்பா ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் பல்லாண்டுகள் வேலை செய்தவர். வேலையிலிருந்து நின்றபோது கிடைத்த பணத்தில் இந்த இயந்திரத்தைப் பழையதாக வாங்கினார். தைவானில் செய்தது, ஆர்.எஃப்.30 என்று பொதுவாக அழைக்கப்படும் வகை. எடை 250 கிலோவுக்கு மேல். தலை ஒரு வட்டத் தூணைக் கவ்விப் பிடித்திருக்கும். லாரிக்காரர்களுக்குப் புஷ் செய்து கொடுப்பது, உடைந்த பிராக்கெட்டுக்கு மாற்று செய்வது என்று அப்பாவுக்கு இதில் கொஞ்சம் வருமானமும் இருந்தது.

2021 டிசம்பர் 18ஆம் நாள் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வீடு அங்கேதான். நான் அப்பொழுது மெட்ரிகுலேஷன் விடுதியில் இருந்தேன். தண்ணீர் சன்னலின் மேல்விளிம்பு வரை வந்ததாக அம்மா தொலைபேசியில் சொன்னார். இயந்திரத்தின் தலை முழுவதும் சேற்றுநீரில் கிடந்தது. அப்பா நல்ல தண்ணீரால் கழுவி, டீசல் அடித்து, எண்ணெய் பூசி, மோட்டாரை வைண்டிங் கடைக்கு அனுப்பிச் சரிசெய்தார். சுழல்தண்டு சுற்றியது. அத்தோடு விட்டுவிட்டார். ஆனால், பேரிங்குக்குள் போன தண்ணீர் எங்கும் போய்விடவில்லை. ஈராண்டுகளில் முதலில் ஒரு சீறல், பிறகு ஓர் உறுமல், கடைசியில் வெட்டிய பரப்பில் மீன்செதில் போன்ற வரிகள். 2024இன் தொடக்கத்தில் அப்பா அதன்மேல் தார்ப்பாய் போட்டு மூடினார். "பழைய இரும்புக்காரன் வந்தா சொல்லு" என்று அம்மாவிடம் சொன்னாராம்.

அவ்வாண்டு ஜூலை விடுமுறையில் வீட்டுக்கு வந்த நான், கழற்றிப் பார்ப்போம் என்றேன். அப்பா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அவர் தயங்கியதன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பேரிங்கை மாற்றுவதற்காக மட்டும் தலையைத் தூணிலிருந்து இறக்கத் தேவையில்லை. குவிலைக் கீழ்வழியாக உருவிவிடலாம். எங்கள் இயந்திரத்தில் தலைக்கும் தூணுக்கும் இடையிலும் சேறு புகுந்து இறுகியிருந்தது; தலையை ஏற்றி இறக்கும் பற்சட்டத்தின் பற்களிலும் அதே நிலை. ஆகையால் இறக்கினோம். உங்கள் வீட்டில் வெள்ளம் வரவில்லை என்றால் இந்த முதுகொடியும் வேலை வேண்டாம்.

மின்செருகியைப் பிடுங்குவது முதல் வேலை. ஒற்றைக்கட்ட மோட்டாரில் கெப்பாசிட்டர் இருக்கும். செருகியைப் பிடுங்கிய பிறகும் அது மின்னைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். அதன் மின்னை இறக்காமல் கம்பிகளைத் தொடக்கூடாது. அடுத்து மோட்டார், பெல்ட்டுகள், பெல்ட் மூடி ஆகியவற்றைக் கழற்றி எடையைக் குறைத்தோம். கழற்றிய ஒவ்வொன்றையும் நான் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே வந்தேன். அப்பா ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை நீட்டினார்.

"வரை."

"படம் எடுத்துட்டேன்பா."

"போனுக்குத் தெரியும். உனக்குத் தெரியுமா? வரைஞ்சாதான்டா எந்த வாஷர் மேல, எந்த வாஷர் கீழன்னு கண்ணு பார்க்கும்."

வரைந்தேன், பாதியோடு விட்டுவிட்டேன். அதன் விளைவு பின்னால் வருகிறது. திருகுகளைப் போட எண்ணிட்ட ஐந்து மைலோ டின்கள் வைத்திருந்தோம்.

செயின் பிளாக்கைக் கூரைச் சட்டத்தில் மாட்டலாம் என்று நான் சொன்னதை அப்பா காதிலேயே வாங்கவில்லை. கூரை மரம் ஓட்டைத் தாங்கத்தான், வார்ப்பிரும்பைத் தாங்க அல்ல. பக்கத்துத் தெருவில் கார் பட்டறை வைத்திருக்கும் சீனர் என்ஜின் தூக்கும் கிரேனை இரவல் தந்தார். இயந்திரம் மேடையின்மேல் இருக்கும்வரை தூணின் உச்சியைத் தாண்டித் தலையை உயர்த்த அந்தக் கிரேனுக்கு எட்டாது. எனவே தலையை முடிந்தவரை கீழே இறக்கி இறுக்கிவிட்டு, முழு இயந்திரத்தையும் தூக்கித் தரையில் இரண்டு தடித்த பலகைகளின்மேல் வைத்து, அப்பலகைகளோடு போல்ட் போட்டு முடுக்கினோம். இவ்வகை இயந்திரத்தில் எடையெல்லாம் மேற்பக்கம். முடுக்காமல் விட்டால் சாய்ந்துவிடும்.

பிறகு தூணின் உச்சியில் பற்சட்டத்தைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்றினோம். துணிவாரைத் தலையின் அடிவயிற்றில் இருபுறமும் சுற்றி, வார் விறைக்கும் வரை தூக்கிய பின்னரே கவ்வு போல்ட்டுகளைத் தளர்த்தினோம். சுழல்தண்டில் கயிறு கட்டித் தூக்குவது பெரும்பிழை. அந்த எடை முழுவதும் பேரிங்கில் விழும். கவ்வின் பிளவில் ஆப்பு வைத்துச் சற்றே விரிக்கலாம், ஆனால் மிகச் சற்றே. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். எங்கள் தலை சேற்றில் ஒட்டிக்கொண்டு அரைமணி நேரம் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, மரச்சுத்தியால் நாலாபுறமும் தட்டி, தலையை இடம் வலமாக ஆட்டிய பிறகு, ஒரு விரற்கடை ஏறியது. பிறகு வழுக்கிக்கொண்டு வந்தது. பழைய லாரி டயர் ஒன்றின்மேல் படுக்க வைத்தோம். தலையைப் படுக்க வைக்க இதைவிட நல்ல மெத்தை கிடையாது.

குவிலை உருவும் முன் ஒரு வில்லைச் சமாளிக்க வேண்டும். கைப்பிடியை விட்டதும் குவிலை மேலே இழுத்துக்கொள்ளும் சுருள்வில் தலையின் பக்கவாட்டில் ஒரு மூடிக்குள் முறுக்கேறிய நிலையில் இருக்கிறது. மூடியை இரு கைகளாலும் பிடித்து, ஒவ்வொரு பள்ளமாக விட்டு விட்டு முறுக்கைத் தளர்த்த வேண்டும். நான் ஒரு கையால் பிடித்தேன். மூடி சுழன்று கட்டைவிரலைக் கிழித்தது. அப்பா மஞ்சள் மருந்தும் பிளாஸ்டரும் எடுத்து வந்தார். திட்டவில்லை, அதுதான் கூடுதலாக வலித்தது.

குவில் வெளியே வந்ததும் மேல்நட்டைக் கழற்றி, சுழல்தண்டை மரச்சுத்தியால் தட்டி எடுத்தோம். தேநீர்ச் சாயம் போல ஒரு கலங்கல் வடிந்தது. கீழ்ப் பேரிங்கின் வெளிவளையத்தைத் துடைத்துப் பார்த்தபோது, உருளைகளின் இடைவெளிக்குச் சரியாகக் கருங்கோடுகள் வரிசையாக இருந்தன. ஓடும் பேரிங்கில் இப்படிக் கோடு விழாது. அசையாமல் நிற்கும்போது ஒவ்வோர் உருளையும் வளையத்தைத் தொடும் இடத்தில் தண்ணீர் தங்கி அரித்த தடம் இது. வெள்ளத்தன்று சுழல்தண்டு எந்த நிலையில் நின்றதோ, அந்த நிலையை வளையம் அப்படியே பதிந்து வைத்திருந்தது.

இரண்டும் கூம்புருளை பேரிங்குகள். வளையத்தின்மேல் 30207, 30206 என்ற எண்கள். இதை ஒரு பாடமாகவே சொல்லலாம்: முதலில் வரும் 3 கூம்புருளை வகையைக் குறிக்கும். கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் விட்டம் கிடைக்கும். 07 என்றால் 35 மில்லிமீட்டர், 06 என்றால் 30. 04 முதல் மேலே உள்ள எண்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தும். எண்ணைத் தாளில் எழுதிக் கடையில் நீட்டினால் போதும், இயந்திரத்தின் பெயரைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. வாங்கும்போது வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய வளையத்தில் புதிய உருளைகளை ஓடவிட்டால் பணம் வீண்.

புதிய பேரிங்கைச் சுத்தியால் அடித்து ஏற்றக்கூடாது. உலோகம் குளிரில் சுருங்கும், சூட்டில் விரியும் என்பது தமிழ்ப்பள்ளியிலேயே படித்ததுதான். சுழல்தண்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அம்மாவின் குளிர்ப்பெட்டியில் கெம்போங் மீனுக்குப் பக்கத்தில் ஓர் இரவு வைத்தோம். பேரிங்கின் உள்வளையத்தை எண்ணெய்ச் சட்டியில் சூடாக்கினோம். 120 பாகை செல்சியசைத் தாண்டினால் எஃகின் பதம் கெடும் என்பதால் நாங்கள் 90இல் நிறுத்தினோம். சட்டியின் அடியில் படாமல் கம்பியில் தொங்கவிட வேண்டும். ஏற்றியபோது தானாகவே வழுக்கி உட்கார்ந்தது. அம்மா குளிர்ப்பெட்டியை இருமுறை கழுவினார். கிரீஸ், உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்குதான். நிறைய அப்பினால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். அதைக் கடைந்தே பேரிங் சூடேறிவிடும்.

இனி வருவதுதான் இந்த வேலையின் உயிர். இரண்டு கூம்புருளை பேரிங்குகள் எதிரெதிராக இருக்கும். மேல்நட்டை முடுக்க முடுக்க அவை ஒன்றையொன்று நெருங்கும். தளர்வாக விட்டால் சுழல்தண்டில் ஆட்டம் இருக்கும், வெட்டும் கருவி துள்ளும். அதிகமாக முடுக்கினால் உராய்ந்து சூடாகிப் புதிய பேரிங்கும் பாழ். ஆட்டம் போன பிறகு இன்னும் கொஞ்சம் முடுக்கிக் கொடுக்கும் அந்த அழுத்தத்தை ப்ரீலோட் என்பார்கள். அதைப் பற்றித் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். எவ்வளவு முடுக்குவது என்று மட்டும் தெரியவில்லை.

"நீங்களே முடுக்குங்கப்பா" என்றேன்.

அப்பா சாவியை வாங்கவில்லை. வலக்கை விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்துக்கொண்டார். "விரல் நுனியில ஒன்னும் தெரியலடா. ரெண்டு வருசமா அப்படித்தான்" என்றார். இனிப்புநீர் அவருக்கு நெடுநாளாக உண்டு. காலில் உணர்ச்சி குறைந்தது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கையைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. நூறில் ஒரு மில்லிமீட்டரை விரலால் சொல்லக்கூடியவர் என்று அவருடைய பழைய நண்பர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். இயந்திரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியதற்கு உறுமல் மட்டும் காரணமில்லை என்று அன்றுதான் அறிந்தேன்.

எனவே முடுக்கியவன் நான், சொன்னவர் அவர். குவிலை மடியில் வைத்துக்கொண்டு சுழல்தண்டை விரலால் சுற்றுவேன். "எப்படி இருக்கு?" என்பார். நான் விடை சொல்ல வேண்டும். அங்கேதான் ஆங்கிலத்தில் படித்ததெல்லாம் உதவாமல் போனது. "லூசா இருக்கு" என்றால், "லூசுன்னா எப்படி? ஆடுதா, வழுக்குதா?" என்று கேட்டார். ஆட்டம் வேறு, வழுக்கல் வேறு, இழுவை வேறு, பிடிப்பு வேறு. சுற்றிவிட்டால் தானாக மூன்று சுற்று ஓடுகிறது என்றேன். "அது பத்தாது." இன்னும் ஒரு துளி முடுக்கினேன். "இப்போ?" தேனில் கரண்டியைச் சுற்றுவது போல் இருக்கிறது என்றேன். "விட்டா நிக்குதா, ஓடுதா?" கொஞ்சம் நகர்ந்து நிற்கிறது. "எங்கேயாவது தட்டுதா? ஒரு சுத்துல ஒரு இடத்துல மட்டும் கனக்குதா?" இல்லை. "அதுதான் பதம். விடு."

பதம் என்ற சொல்லைப் பாகு காய்ச்சும்போது பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். பேரிங்குக்கும் அதுவே சொல்லாக இருந்தது.

அப்பாவும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. சுழல்தண்டின் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூக்கில் மெல்லிய நூலைச் சுற்றி, மீன் நிறுக்கும் வில்தராசின் கொக்கியில் மாட்டி, சீராக இழுத்தேன். சுழலத் தொடங்கிய பின் முள் ஏறத்தாழ 600 கிராமில் நின்றது. அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முள்ளைப் பார்த்தார். பயிற்சிப் புத்தகத்தில் எழுதச் சொன்னார். இந்த எண் எங்கள் இயந்திரத்துக்கு மட்டுமே உரியது. வேறு இயந்திரத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குவிலைத் தலைக்குள் ஏற்றி, பற்சக்கரத் தண்டைச் செருகி, சுருள்வில்லை இம்முறை இரு கைகளாலும் முறுக்கி முடித்தபோது மாலை ஆறு மணி. டின்களைக் கவிழ்த்துப் பார்த்தேன். நான்காம் டின்னில் ஒரு மெல்லிய வாஷர் மிஞ்சியிருந்தது. காது மடித்த வாஷர். மேல்நட்டுக்கு அடியில் போட்டு, காதை நட்டின் பள்ளத்தில் மடித்துவிட வேண்டும். அது இல்லையென்றால் ஓட்டத்தில் நட்டு தானாகத் தளர்ந்து, முடுக்கிய பதம் போய்விடும். பாதியோடு விட்ட படத்தில் விடுபட்டதும் அதுதான். அப்பா வாஷரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கழட்டு" என்றார்.

மறுநாள் காலை எல்லாவற்றையும் மீண்டும் கழற்றினோம். ஆனால், இம்முறை பதத்தைப் பிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நூலும் தராசும் 600 கிராமுக்குக் கொண்டுவந்து நிறுத்தின. விரலும் அதையே சொன்னது.

தூணின் துருவை மண்ணெண்ணெயும் மெல்லிய எஃகுப் பஞ்சும் கொண்டு தேய்த்தெடுத்து, எண்ணெய் பூசி, இறக்கிய முறையை அப்படியே தலைகீழாகச் செய்து தலையை ஏற்றினோம். வட்டத் தூணில் ஒரு குறை உண்டு. தலையை உயர்த்தும்போதோ தாழ்த்தும்போதோ அது தூணைச் சுற்றித் திரும்பிவிடும். துளையின் இடம் தவறிவிடும். ஆகவே, ஒரு வேலையைத் தொடங்கினால் முடியும் வரை கவ்வைத் தளர்த்தாமல் இருப்பதே வழி. 1938இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் உருவான வகையில் மேசையே ஏறி இறங்குவதால் இந்தத் தொல்லை இல்லை. அதில் தலையைச் சாய்க்கவும் முடியும். எங்களுடையதில் சாய்க்க முடியாது. எனவே சுழல்தண்டு மேசைக்குச் செங்குத்தாக இல்லையென்றால் தூணின் அடியில்தான் சரிசெய்ய வேண்டும்.

டயல் கேஜைச் சுழல்தண்டில் மாட்டி, 200 மில்லிமீட்டர் விட்டத்தில் மேசையைச் சுற்றிப் பார்த்தோம். இடம் வலம் சரி. முன்பக்கம் பின்பக்கத்தைவிட 0.08 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டியது. முன்பக்கத்தில் முள் அதிகமாக அழுந்தினால் தூண் முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். தூணின் முன், பின் போல்ட்டுகளுக்கு இடையே 150 மில்லிமீட்டர். 0.08ஐ 150ஆல் பெருக்கி 200ஆல் வகுத்தால் 0.06. அவ்வளவு தடிப்புள்ள தகட்டை முன் போல்ட்டுகளின் அடியில் வைக்க வேண்டும். கையில் இருந்தது 0.05 தகடு. போல்ட்டைத் தளர்த்தி, தகட்டைச் செருகி, முடுக்கிப் பார்த்தபோது மீதிப் பிழை 0.015க்குள் வந்தது. கணக்கை நான் தாளில் போட்டேன். நான் முடிக்கும் முன்பே அப்பா தகட்டை வெட்டத் தொடங்கியிருந்தார்.

குறைந்த வேகத்தில் அரைமணி நேரம் வெறுமனே ஓடவிட்டோம். குவிலின்மேல் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணும் வரை தாங்க முடிந்தால் சூடு சரி என்பது டூல் ரூம் கணக்கு. எண்ணியவர் அப்பா, கை என்னுடையது. பத்தைத் தாண்டி முப்பது வரை எண்ணிவிட்டுத்தான் நிறுத்தினார்.

பிறகு ஓர் அலுமினியத் துண்டை மேசையில் இறுக்கி ஒருமுறை ஓட்டினோம். செதில் வரிகள் இல்லை. அப்பா அந்தத் துண்டை எடுத்து, விரலை விட்டுவிட்டுக் கட்டைவிரல் நகத்தைப் பரப்பின்மேல் குறுக்காக இழுத்தார். நகம் எங்கும் தடுக்கவில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. பெல்ட் மூடியின் உட்புறத்தில் மார்க்கர் பேனாவால் பேரிங் எண்களையும், 600 என்பதையும், தேதியையும் எழுதச் சொன்னார். எழுதினேன். அடுத்த வாரமே லாரிக்காரர் ஒருவர் இரண்டு புஷ் கேட்டு வந்தார். ஒன்றை அப்பா செய்தார், ஒன்றை என்னிடம் விட்டார். என்னுடையது 0.04 அதிகமாக வெட்டுப்பட்டுவிட்டதால் இன்னொன்று செய்ய வேண்டியிருந்தது.